மூச்சையே ஆராய்ந்து ஒரு வாழ்நாள்: ஜாக் ஃபெல்ட்மன் கண்டது என்ன, காணாதது என்ன?

வடக்குவீதி (இழையைத் தொடங்கியவர்)

நம் மன்றத்தில் மூளை என்று யாராவது எழுதினால் போதும், நான்காவது பதிவில் பேச்சு பிரக்ஞைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து ஆன்மா, அங்கிருந்து சண்டை. அதற்கு நேரெதிர்த் திசையில் நடந்த ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது.

ஜாக் ஃபெல்ட்மன், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியர். படித்தது இயற்பியல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1975இல் ஜாக் கோவனுடன் சேர்ந்து நரம்பணு வலைப்பின்னல்களின் கணிதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். இவ்வளவு படித்துவிட்டு அவர் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: மூச்சின் தாளம் மூளையில் எங்கே பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது?

இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உடலை விட்டு வெளியே எடுத்தாலும் சற்று நேரம் துடிக்கும். நுரையீரலுக்கு அந்தத் திறமை இல்லை. உதரவிதானமும் விலாத் தசைகளும் ஒவ்வொரு முறையும் மூளை ஆணையிட்டால்தான் அசையும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 17,000 ஆணைகளுக்கு மேல். தூக்கத்திலும் விடுமுறை கிடையாது.

ஆணை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து வருகிறது என்பது பழைய செய்தி. பிரான்சில் லெகல்லுவா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முயல்களின் மூளையைப் படிப்படியாக வெட்டி அதைக் காட்டினார். 1923இல் லம்ஸ்டன் பூனைகளில் இன்னும் நுணுக்கமாக வெட்டிப் பார்த்தார். ஆனால் முகுளத்துக்குள் எந்த நரம்பணுக்கள்? அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

1991இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் ஜெஃப்ரி ஸ்மித், கடைசிப் பெயர் ஃபெல்ட்மன், நடுவில் ஜெர்மானியரான ரிஷ்டரும் உண்டு. பிறந்து சில நாட்களே ஆன எலிக்குட்டியின் மூளைத்தண்டை உயிர்க்காற்று கலந்த உப்புக்கரைசலில் உயிரோடு வைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே போனார்கள். எந்த இடம் போனால் தாளம் குலைகிறது என்று பார்த்தார்கள். பிறகு சோதனையைத் தலைகீழாக்கினார்கள். அந்த இடத்தை மட்டும் உள்ளடக்கிய, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு சீவலைத் தனியே வைத்தார்கள். நுரையீரல் இல்லை, தசை இல்லை, விலங்கே இல்லை. ஆனாலும் நாக்குக்குப் போகும் நரம்பின் அறுபட்ட வேரில் மூச்சின் தாளம் வந்துகொண்டே இருந்தது.

அந்த இடத்தின் பெயர் பிரீ-பொட்சிங்கர் பகுதி. என் கட்சி இதுதான்: மூளையறிவியலில் இந்தக் காலத்தின் மிகத் தெளிவான கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. காரணம், இந்தக் கேள்வியில் தோற்க முடியும். இடத்தை எடுத்தும் மூச்சு நிற்கவில்லை என்றால் கதை முடிந்தது. பிரக்ஞையைப் பற்றிய கோட்பாடுகளில் அப்படித் தோற்ற ஒன்றை யாராவது காட்டுங்கள்.

திண்ணைவாசி

பெயரின் கதையை விட்டுவிட்டீர்களே ஐயா! 1978இல் ஜெர்மனியில் ஹிர்ஷ்ஹார்ன் என்ற ஊரில் ஒரு கருத்தரங்கு. இதற்குப் பக்கத்திலுள்ள ஒரு பகுதிக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. விருந்து மேசையில் பொட்சிங்கர் என்ற வெள்ளை ஒயின் புட்டி இருந்தது. ஃபெல்ட்மன் அந்தப் பெயரையே முன்மொழிந்தார். பெரிய விஞ்ஞானி யாரோ பொட்சிங்கர் என்று இருந்திருப்பார் என நினைத்துப் படிக்கும் மருத்துவ மாணவர்களை எண்ணிச் சிரிப்பு வருகிறது. 1991இல் கண்டது அந்தப் பகுதிக்குச் சற்றுக் கீழே, முதுகுத்தண்டு இருக்கும் பக்கம். புட்டியின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

சந்தேகராமன்

கட்சி என்று சொல்லிவிட்டீர்கள், எதிர்க்கட்சி வேண்டாமா?

அந்தச் சீவல் மூச்சு விடவில்லை. மூச்சு போன்ற ஒரு மின்தாளத்தைத் தந்தது, அவ்வளவுதான். கரைசலில் பொட்டாசியத்தை இயல்பைவிடக் கூட்டி வைத்தால்தான் அந்தத் தாளம் நீடிக்கும். எலியோ புதிதாய்ப் பிறந்தது. நரம்பு வெளிப்பாட்டின் வடிவமும் நல்ல மூச்சைப் போல் இல்லாமல், உயிர் பிரியும் நேரத்து ஏங்கலைப் போல் இருக்கிறது என்று அப்போதே ஆட்சேபம் எழுந்தது. விழித்து நடமாடும், வளர்ந்த விலங்கில் காட்டினார்களா? அது இல்லாமல் "மிகத் தெளிவான கண்டுபிடிப்பு" என்பது அதிகம்.

வடக்குவீதி

காட்டினார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டுகள் ஆயின என்பது உண்மை.

அந்த அணுக்களை அடையாளம் காண ஒரு பிடி தேவைப்பட்டது. 1999இல் அது கிடைத்தது: 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் பெப்டைடை (நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டு) ஏற்கும் ஒரு வாங்கி அந்த அணுக்களில் மிகுதியாக இருந்தது. 2001இல் பால் கிரேயும் குழுவினரும் அந்தப் பெப்டைடோடு சபோரின் என்ற நஞ்சை இணைத்து வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். வாங்கி உள்ள அணு நஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டு சில நாட்களில் மடியும், பக்கத்து அணுவுக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பகுதி அணுக்கள் மடிந்த பிறகு, விழித்திருக்கும் எலிகளின் மூச்சு ஒழுங்கின்றிச் சிதறியது.

2005இல் மெக்கே செய்தது இன்னும் கூர்மை. அணுக்கள் மெல்ல மெல்லக் குறையும்போது மூச்சு முதலில் எப்போது தடுமாறுகிறது? கனவு வரும் தூக்கத்தில். பிறகு மற்றத் தூக்கத்தில். கடைசியில்தான் விழிப்பில். 2008இல் டான் குழுவினர் வேறு வழியில், இந்தப் பகுதியில் சொமட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடை உண்டாக்கும் அணுக்களைச் சாகடிக்காமல் வாயை மட்டும் அடைத்தார்கள். விழித்திருக்கும் எலி மூச்சை நிறுத்தியது. ஏங்கவும் இல்லை, போராடவும் இல்லை, செயற்கைச் சுவாசம் கொடுத்தால்தான் பிழைத்தது. ஏங்கலுக்கு மட்டுமான இடம் என்ற ஆட்சேபம் இதற்குப் பின் நிற்குமா?

இரவுப்பணி

மயக்க மருந்துப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். 2005 கட்டுரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வார்டு முதியவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பகலில் நன்றாக மூச்சுவிடுவார்கள், இரவில் மானிட்டர் அலறும். அந்தக் கட்டுரையிலேயே ஆசிரியர்கள் இதைத் தொட்டிருக்கிறார்கள்: வயதாகும்போதும் சில நரம்புச் சிதைவு நோய்களிலும் இந்த அணுக்கள் குறைந்து, தூக்கத்தில் மூச்சு நிற்பதற்குக் காரணமாகலாம் என்று. மனித மூளையிலும் இதே பகுதியை 2011இல் ஜெர்மானியக் குழு ஒன்று அடையாளம் கண்டது.

என் வேலைக்கு இன்னும் நெருக்கமானது அபின் வகை மருந்துகள். மார்ஃபின், ஃபென்டனில் மிகுந்தால் நோயாளி வலியில்லாமல், பதற்றமில்லாமல் மூச்சை மறந்துவிடுவார். "மூச்சு விடுங்கள் ஐயா" என்று காதருகே சொன்னால் விடுவார். சொல்லாவிட்டால் விடமாட்டார். அமெரிக்காவில் இத்தனை உயிர்கள் போவது இந்த மறதியால்தான். 1999 கட்டுரையின் மறுபாதி இதைப் பற்றியது: இந்தப் பகுதியின் தாளத்தை அபின் வகைப் பொருள்கள் மந்தமாக்குகின்றன. 2020இல் சான் பிரான்சிஸ்கோவில் கெவின் யாக்கிளின் ஆய்வகம் சுண்டெலிகளில் அபின் வாங்கிகளை இடம் பார்த்து நீக்கிக் காட்டியது. மூளைத்தண்டில் இரண்டே சிறிய இடங்கள்தான் மூச்சுத் தளர்ச்சிக்குப் பெரும் காரணம். இரண்டில் பெரிய பங்கு பிரீ-பொட்சிங்கருக்கு. வலியைப் போக்கி மூச்சை விட்டுவைக்கும் மருந்து என்றாவது வந்தால், அதற்கான வரைபடம் இங்கிருந்துதான் வரும்.

பௌதிகப்பையன்

அக்கா, பெருமூச்சுக்கும் இந்த அணுக்கள்தானா காரணம்? எங்கோ கேள்விப்பட்டேன்.

இரவுப்பணி

ஆமாம் தம்பி. நம் எல்லோருக்கும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு வரும். கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். நுரையீரலில் ஏறக்குறைய ஐம்பது கோடி காற்று நுண்ணறைகள். அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஓர் ஆழ்ந்த மூச்சுதான் அவற்றைத் திரும்பத் திறக்கும். மயக்கத்தில் ஒரே அளவுக் காற்றை இடைவிடாமல் செலுத்தினால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துபோவதை 1963இலேயே எழுதிவிட்டார்கள். அறுவை முடியும் தறுவாயில் மயக்க மருத்துவர் பையை நன்றாக அழுத்தி நுரையீரலை விரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2016இல் 'நேச்சர்' இதழில் வந்தது பெருமூச்சின் சுற்று. ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிராஸ்னோவின் ஆய்வகமும் ஃபெல்ட்மனின் ஆய்வகமும் சேர்ந்து செய்தது. பக்கத்திலுள்ள ஒரு சிறு அணுக்கூட்டம் இரண்டு பெப்டைடுகளை அனுப்புகிறது. பிரீ-பொட்சிங்கரில் அவற்றை வாங்கும் சில நூறு அணுக்கள் இயல்பான மூச்சைப் பெருமூச்சாக மாற்றுகின்றன. அந்தச் சில நூறை மட்டும் அழித்தால் எலி இயல்பாக மூச்சுவிடும், பெருமூச்சு மட்டும் வராது.

சந்தேகராமன்

2008 சோதனைக்குத் தலைவணங்குகிறேன். இடம் முக்கியம், ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் வடக்குவீதியின் கேள்வியில் இரண்டு பாதிகள் உண்டு: எங்கே, எப்படி. "எங்கே"க்குக் கிடைத்த பதிலைக் காட்டி "எப்படி"யையும் கடத்திக்கொண்டு போகக் கூடாது.

"எங்கே"யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டோக்கியோவில் ஓனிமாருவும் ஹொம்மாவும் உள்மூச்சு தொடங்குவதற்கு முன்பே சுடும் (மின்துடிப்பு அனுப்பும்) அணுக்களைக் கண்டு, 2003இல் முக நரம்பின் கருவுக்கு அருகிலுள்ள வேறொரு பகுதியை முன்வைத்தார்கள். அங்கேதான் தாளம் தொடங்குகிறது என்பது அவர்கள் தரப்பு. ஃபெல்ட்மன் குழு அதை மறுத்து ஒதுக்கவில்லை, இழுத்து உள்ளே போட்டுக்கொண்டது: இரண்டு தாளக்கூடங்கள் இருக்கின்றன, ஒன்று உள்மூச்சுக்கு, மற்றது தசையை இறுக்கி வெளித்தள்ளும் மூச்சுக்கு என்று. 2006இல் அதே குழுவின் யான்செவ்ஸ்கி அதற்குச் சான்றும் கொடுத்தார். நல்லது. ஆனால் ஒரே மையம் என்று தொடங்கிய கதை இரண்டாயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி "எப்படி". 1991 கட்டுரையே இதயத்தைப் போல் தானாகத் துடிக்கும் அணுக்களைச் சுட்டியது. பின்னாளில் அந்தத் துடிப்புக்குக் காரணமான சோடியம் மின்னோட்டத்தை ரிலுசோல் என்ற மருந்தால் அடைத்தார்கள். தனி அணுக்களின் துடிப்பு நின்றது. கூட்டத்தின் தாளமோ நிற்கவில்லை. அப்படியென்றால் தாளம் எங்கிருந்து வருகிறது?

பௌதிகப்பையன்

இயற்பியல் படிக்கிறவன் என்பதால் இதில் குறுக்கிடுகிறேன். எனக்கு இதுதான் சுவையான பகுதி. மண்டபத்தில் கைதட்டல் சில நேரம் தானாகவே ஒரே தாளத்துக்கு வந்துவிடும், தாளம் போட யாரும் இருக்க மாட்டார்கள். ஃபெல்ட்மனும் அவரோடு பணியாற்றிய டெல் நெக்ரோவும் பிடித்தது இந்தப் பக்கத்தை: சில அணுக்கள் சுடுகின்றன, அவை அடுத்தவற்றைக் கிளறுகின்றன, கிளர்ச்சி பெருகி உச்சம் தொடுகிறது, களைத்து அடங்குகிறது, மறுபடி துளிர்க்கிறது.

2013இல் காம் என்பவர் முதல் ஆசிரியராக வந்த கட்டுரையைப் பார்த்தேன். சீவலில் சில சுற்றுகளில், பல அணுக்கள் ஒருசேரச் சுடும் பெரிய வெடிப்பு வராமல், சிறு பொரிவு மட்டும் வந்து போகிறது. நாக்கு நரம்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பொரிவு வர வேண்டிய நேரத்தில் சரியாக வருகிறது! அதாவது தாளம் வேறு, தசைக்கு ஆணை அனுப்பும் வெடிப்பு வேறு. 1991இலிருந்து இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டுதான் எல்லோரும் வெடிப்பை அளந்தார்கள். தன் ஆய்வகத்தின் அடிப்படை அளவீட்டையே இருபது வருடம் கழித்துக் கேள்வி கேட்டிருக்கிறார் மனிதர்.

வடக்குவீதி

தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சந்தேகராமன் அண்ணா, "எப்படி" இன்னும் திறந்து கிடக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஃபெல்ட்மன் மறைக்கும் குறை இல்லை. 2018இல் டெல் நெக்ரோ, ஃபங்க் ஆகியோரோடு எழுதிய பெரிய மறுபார்வைக் கட்டுரையில் அதை வெளிப்படையாகவே விவாதிக்கிறார். இடம், அணுவகை, பெப்டைடு என்று இவ்வளவு கையிலிருந்தும் பொறிமுறை நழுவுகிறது என்றால், இவை இவ்வளவு துல்லியமாகக் கையில் இல்லாத நினைவாற்றல் ஆராய்ச்சியின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நாகசுரப்பிரியன்

நான் வாசிக்கிறவன் இல்லை, கேட்கிறவன். என் கேள்வி எளியது: குரல் எங்கே வருகிறது? பாடுவதும் பேசுவதும் வெளிமூச்சில்தானே நடக்கிறது. மூச்சு தன் தாளத்தில் அடம்பிடித்தால் பாட்டு எப்படி நீளும்? நாகசுர வித்துவான் கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் இழுத்துக்கொள்வார். பாடகருக்கு அந்த வசதியும் இல்லை.

வடக்குவீதி

நல்ல இடத்தில் வந்தீர்கள். இந்தத் துறையின் அடுத்த தலைமுறை இதைத்தான் பிடித்திருக்கிறது. இரவுப்பணி அக்கா சொன்ன கெவின் யாக்கிள், கிராஸ்னோவிடம் மாணவராக இருந்தபோது பெருமூச்சுக் கட்டுரையில் பங்கேற்றவர். தன் ஆய்வகம் அமைந்ததும் பிறந்த சுண்டெலியின் அழுகையை எடுத்துக்கொண்டார். நம் காதுக்கு அது கேட்காது, மீயொலி. தாயைப் பிரிந்த குட்டி ஒரு வெளிமூச்சுக்குள் ஒன்றோ சிலவோ அசைகளாக அழும்.

2022இல் 'நியூரான்' இதழில் அவர்கள் எழுதியது: முகுளத்தில், பிரீ-பொட்சிங்கருக்குச் சற்றே அப்பால், அழுகையின் அசைகளுக்கென்று தனித் தாளக்கூடம் ஒன்று இருக்கிறது. சீவலில் தனியே வைத்தாலும் தானாகத் தாளமிடுகிறது. குரல்வளைக்கும் நாக்குக்கும் போகும் நரம்பணுக்களை இயக்குகிறது. மூச்சுத் தாளத்தோடு பிணைந்தும் இருக்கிறது. பெரிய தாளத்துக்குள் சிறிய தாளம் என்ற அமைப்பு குட்டியின் முதல் அழுகையிலேயே இருக்கிறது.

வளர்ந்த சுண்டெலிக்கு 2024 'சயன்ஸ்' கட்டுரை. எம்.ஐ.டி.யில் ஃபான் வாங்கின் ஆய்வகம். மூளைத்தண்டின் அடியில், ரெட்ரோஆம்பிகுவஸ் என்ற பகுதியில் குரலுக்கென்றே சில அணுக்கள். அவற்றைத் தூண்டினால் குரல்நாண்கள் நெருங்கி ஒலி வரும். அடைத்தால் எலி ஊமை. எவ்வளவு நேரம் தூண்டிக்கொண்டே இருந்தாலும் உள்மூச்சு நேரம் வந்ததும் குரல் நின்று, நாண்கள் விலகி, காற்று உள்ளே போய்விடும். பிரீ-பொட்சிங்கரிலிருந்து வரும் தடுப்புச் செய்திதான் குரல் அணுக்களை வாயடைக்கிறது. அந்தத் தடுப்பை அகற்றிப் பார்த்தார்கள், உள்மூச்சுக்கு வழிவிடும் ஒழுங்கு குலைந்தது. குரலும் மூச்சும் மோதும் இடத்தில் மூச்சுக்கே முன்னுரிமை.

நாகசுரப்பிரியன்

அப்படியானால் கனேரிப் பறவை நிமிடக்கணக்கில் பாடுவது?

வடக்குவீதி

அசைக்கும் அசைக்கும் நடுவே மிகச் சிறிய உள்மூச்சுகளை எடுக்கிறது. 1989இலேயே ஹார்ட்லியும் சதர்ஸும் அளந்துவிட்டார்கள். பாட்டு நீளவில்லை, மூச்சுதான் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

தாமரைக்குளம்

இவ்வளவு பேசினீர்கள், பிராணாயாமத்தை ஒருவரும் சொல்லவில்லையே. மூச்சு அடங்கினால் மனம் அடங்கும் என்று நம் பெரியோர் சொன்னதைத்தான் இவர்கள் எலியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2017இல் வந்த ஆராய்ச்சி அதை நிரூபித்துவிட்டது.

சந்தேகராமன்

வந்துவிட்டது, காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, அந்தக் கட்டுரையில் இருப்பது இது: பிரீ-பொட்சிங்கரில் ஏறக்குறைய 175 அணுக்கள் மூச்சின் தாளத்தை உண்டாக்குவதில்லை. மூச்சின் நிலவரத்தை லோகஸ் சிருலியஸ் என்ற விழிப்பு மையத்துக்குத் தெரிவிக்கின்றன. அவற்றை அழித்த சுண்டெலிகள் மூச்சை விட்டன, ஆனால் புதிய கூண்டில் ஓடித் திரியாமல் அமைதியாக உட்கார்ந்து உடலை நக்கிக்கொண்டிருந்தன. மூச்சிலிருந்து விழிப்புக்கு ஒரு கம்பி போகிறது என்பது நிரூபணம். அழகான நிரூபணம். ஆனால் அங்கே எலிகள் அமைதியானது கம்பியை அறுத்ததால், மெல்ல மூச்சுவிட்டதால் அல்ல.

தாமரைக்குளம்

ஃபெல்ட்மனே மூச்சுப்பயிற்சிக்கு ஆதரவாகப் பொதுவெளியில் பேசுகிறாரே. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? எனக்கு மூச்சுப்பயிற்சியால் தூக்கம் வருகிறது. அதற்கு எலியின் சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

சந்தேகராமன்

தூக்கம் வந்தால் தொடர்ந்து செய்யுங்கள், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கம்பி இருக்கிறதென்றால் அதன் வழியே அமைதியும் போகலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமான ஊகம். ஃபெல்ட்மன் ஆதரித்துப் பேசுகிறார் என்பதும் இந்தக் கட்டுரையின் நிரூபணம் ஆகாது. என் சண்டை "நிரூபித்துவிட்டது" என்ற சொல்லோடு மட்டும்.

இரவுப்பணி

தாமரைக்குளம் அம்மா, இன்னொன்று. மூச்சை அடக்குவது முகுளத்தின் வேலை இல்லை, மேலே பெருமூளையிலிருந்து வரும் ஆணை. எவ்வளவு தேர்ந்தவரானாலும் கரியமில வாயு ஏறினால் முகுளம் அந்த ஆணையை மீறிவிடும். கரியமில வாயுவை உணரும் அணுக்களின் கதை தனி. வர்ஜீனியாவில் பாட்ரிஸ் குயனே அதற்கே தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார். அந்த அணுக்களை உருவாக்கும் ஃபாக்ஸ்2பி மரபணுவில் பிழை இருந்தால் குழந்தை தூங்கும்போது போதுமான மூச்சு விடாது, இரவெல்லாம் வென்டிலேட்டர் வேண்டும். 2003இல்தான் அந்த மரபணுவைக் கண்டார்கள். அதற்குத் தனி இழை தொடங்கினால் எழுதுகிறேன்.

பௌதிகப்பையன்

ஒரு கேள்வியோடு நிறுத்துகிறேன். இயற்பியல் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிறேன். எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வடக்குவீதி

1991 கட்டுரை. நான்கு பக்கம்தான். அதிலுள்ள படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த சோதனை என்னவாக இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு 2001, 2005, 2008 ஆகியவற்றை வரிசையாகப் படியுங்கள். 2013 கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் படித்தால் அதன் துணிச்சல் புரியாது.

சந்தேகராமன்

ஓனிமாரு-ஹொம்மா 2003ஐ நடுவில் செருகிக்கொள்ளுங்கள் தம்பி. வடக்குவீதி வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்.